புள்ளலூரில் பறந்த இரும்புக் குழாய்

ராக்கெட்டுன்னா நமக்கு ஸ்ரீஹரிகோட்டாதான் ஞாபகம் வரும். அங்கே முதல் ராக்கெட் கிளம்பினது 1971-ல். அதுக்குக் கிட்டத்தட்ட 200 வருஷம் முன்னாடியே நம்ம பக்கத்துல ராக்கெட் பறந்திருக்கு மக்கா!

எங்க ஊர் பள்ளிப்பட்டு. தெற்கே போனா சோளிங்கர்; 1781-ல் ஹைதர் அலியும் அயர் கூட்டும் மோதின இடம். அதுக்கு முந்தின வருஷம், செப்டம்பர் 10, காஞ்சிபுரம் பக்கத்துப் புள்ளலூரில் ஹைதரும் திப்புவும் கர்னல் பெய்லியின் கும்பினிப் படையை நொறுக்கினாங்க. நடுச் சண்டையில் கும்பினியின் வெடிமருந்து வண்டிகள் வெடிச்சுச் சிதறின. ராக்கெட்டாலயா, பீரங்கியாலயான்னு இன்னிக்கும் சண்டை போடுறாங்க. அது கிடக்கட்டும்.

சரி, மேட்டருக்கு வருவோம். ராக்கெட்டைக் கண்டுபிடிச்சதே திப்புன்னு ஃபார்வர்ட் மெயில் வரும், நம்பாதீங்க. சீனாக்காரன் 13-ஆம் நூற்றாண்டிலேயே விட்டாச்சு. மருந்தும் அதே வெடியுப்பு, கரி, கந்தகம்தான். வெடியுப்புக்குள்ளேயே ஆக்சிஜன் இருக்கறதால வெளிக்காத்து தேவையில்லை. மைசூர்க்காரங்க மாத்தினது குழாயை. காகிதம், மூங்கிலுக்குப் பதிலா அடிச்சு வளைச்ச இரும்பு.

இதுல என்ன பெரிய விஷயம்? மருந்து எரிய எரிய உள்ளே அழுத்தம் ஏறும். அழுத்தம் ஏறினா இன்னும் வேகமா எரியும். ப்ரேக் இல்லாத லூப் மாதிரி :-) குழாய் தாங்கலேன்னா வெடி, தாங்கினா ராக்கெட்! இரும்பு தாங்கினதால மருந்தை நல்லா கெட்டிச்சு அடைக்க முடிஞ்சது. ஒரு கிலோமீட்டருக்கு மேலே போச்சு. அதனால எனக்கு இந்தக் கதையில ஹீரோ திப்பு இல்லை, கொல்லர்தான்.

1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்ததும் ராக்கெட்டுகள் இங்கிலாந்துக்குக் கப்பலேறின. 1804 வாக்கில் வில்லியம் கான்கிரீவ் லண்டனில் கிடைச்ச பெரிய வாணங்களைக் கைக்காசு போட்டு வாங்கி விட்டுப் பார்த்தார். மைசூர் சரக்கு போன தூரத்துல பாதிதான் போச்சாம். அப்புறம் இரும்புக் குழாய்க்கு மாறி, அளந்து, எழுதி, புத்தகமும் போட்டார். 1807-ல் கோபன்ஹேகன் எரிஞ்சது. பேரும் 'கான்கிரீவ் ராக்கெட்'னு ஆயிடுச்சு. மனுஷன் உழைச்சார், மறுக்கலை. ஆனா குழாய் அடிச்சவன் பேர் அதுல எங்கேயும் இல்லை.

கொசுறு: 2018-ல் கர்நாடகாவில் ஷிமோகா மாவட்டம் நகராவில் ஒரு பாழுங்கிணத்தைத் தோண்டினப்போ ஆயிரத்துக்கும் மேல இரும்பு ராக்கெட்டுகள் கிடைச்சுது. சேறு அப்பின குழாய்களைப் படத்துல பாருங்க. நம்ம தீபாவளி ராக்கெட்டை விடக் கொஞ்சம்தான் பெரிசு.