தண்டுவடக் காயமும் சிறுநீர்த் தொற்றும்

தண்டுவடத்தில் அடிபட்டு மருத்துவமனையில் படுத்திருப்பவர்களை அடிக்கடி பீடிக்கும் தொல்லைகளில் சிறுநீர்த் தொற்று முன்வரிசையில் நிற்கிறது. முதல் உலகப் போரில் கால்கள் செயலிழந்த சிப்பாய்களில் பெரும்பாலோர் படுக்கைப் புண்ணாலும் இந்தத் தொற்றாலும் இறந்துபோனார்கள்.

சிறுநீர்ப்பை நிரம்பிய சேதி மூளைக்குப் போவதும், கழிக்கச் சொல்லும் ஆணை திரும்பி வருவதும் தண்டுவடத்தின் வழியாகத்தான். அந்த வழி அறுந்ததும் முதல் சில வாரங்கள் பை தொளதொளவென்று கிடக்கும். பிறகு, காயம் மேல்மட்டத்தில் இருந்தால், பை தானாகச் சுருங்கத் தொடங்கும். அதே வேளையில் பையின் வாயைச் சுற்றியுள்ள தசையும் இறுகிக்கொள்ளும். உள்ளே அழுத்தம் ஏறி, மிச்சச் சிறுநீர் தேங்கி, ஈ.கோலை, கிளெப்சியெல்லா, சூடோமோனாஸ் எல்லாம் பெருகும். புரோட்டியஸ் வந்தால் இன்னும் சங்கடம்: கல் உண்டாக்கி, சிறுநீரை வடிக்க உள்ளே வைத்த குழாயையே (கத்தீட்டர்) அடைத்துவிடும்.

கத்தீட்டர் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் சிறுநீரில் கிருமி சேரும் வாய்ப்பு 3 முதல் 7 சதவீதம். ஒரு மாதத்தில் அநேகமாக எல்லோருக்கும் சேர்ந்துவிடும். ஸ்கேனுக்குக் கொண்டுபோகும்போது யூரின் பேக்கைத் தூக்கி நோயாளியின் வயிற்றின்மேல் வைப்பது போன்ற சின்னக் கவனக்குறைவும் போதும், அதிலுள்ள நீர் திரும்ப உள்ளே ஓடிவிடும்.

நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த லுட்விக் குட்மன், 1944இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் தண்டுவடப் பிரிவைத் தொடங்கினார். குழாயை உள்ளேயே விட்டுவைக்காமல் வேளாவேளைக்கு நுழைத்து எடுக்கும் முறையை அங்கே நிலைநாட்டினார். கிருமி நீக்கத்தில் அவர் கண்டிப்பானவர். 1972இல் அமெரிக்காவின் மிச்சிகனில் ஜாக் லேப்பிடிஸ் ஒருபடி மேலே போய், கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு நோயாளியே குழாயைச் செருகிக்கொள்ளலாம் என்றார். துணிச்சலான பேச்சுதான். ஆனால் அவர் வாதத்தில் சாரம் இருந்தது: பை மிதமிஞ்சி உப்பினால் அதன் சுவரில் ரத்த ஓட்டம் குன்றும், கிருமியை எதிர்க்கும் திறனும் குறையும். ஆகவே குழாயின் சுத்தத்தைவிட, நேரத்துக்குக் காலி செய்வதே பெரிது. இன்று நாளுக்கு 4 முதல் 6 முறை, ஒரு தடவைக்கு 500 மில்லிக்கு மிகாமல் என்பது பொதுவான நடைமுறை.

உணர்வு இல்லாதவருக்கு நீர்க்கடுப்பு தெரியாது. காய்ச்சல், கால்களில் இழுப்பு கூடுவது, திடீர்க் கசிவு ஆகியவையே துப்பு. நெஞ்சுப் பகுதியின் 6ஆம் தண்டுவட மட்டத்திலோ அதற்கு மேலோ காயம்பட்டவருக்கு, தொற்று வந்தாலோ பை உப்பினாலோ ரத்த அழுத்தம் சட்டென எகிறி மண்டை பிளக்கும். உயிருக்கே ஆபத்தான நிலை இது. உடனே நிமிர்த்தி உட்காரவைத்து, குழாய் மடங்கியிருக்கிறதா, அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கல்ச்சரில் கிருமி தெரிந்ததுமே ஆன்டிபயாடிக் எழுதிவிடுவது இன்னும் பல வார்டுகளில் வழக்கமாக இருக்கிறது. அறிகுறி இல்லாதவருக்கு அது பயனற்றது. மருந்துக்கு அடங்காத கிருமியைத்தான் வளர்க்கும். கர்ப்பிணிகளும், சிறுநீர்ப் பாதையில் அறுவை சிகிச்சைக்குப் போகிறவர்களும் இதற்கு விலக்கு.