மேஜை மேல் ஒரு போர்க்களம்

பொம்மைச் சிப்பாய்களை நிறுத்திவைத்து யுத்தம் விளையாடுவது குழந்தைகளின் காரியம் என்று நாம் நினைக்கிறோம். நாவலாசிரியர் எச். ஜி. வெல்ஸ் அப்படி நினைக்கவில்லை. 1913-ல் அந்த விளையாட்டுக்கு விதிகள் வகுத்து ஒரு புத்தகமே வெளியிட்டார். ஸ்பிரிங் வைத்த பொம்மைப் பீரங்கியால் சுடவேண்டும், விழுந்தவன் செத்தான். அவ்வளவு சுலபம்!

பண்டைக் காலப் போர்களுக்கு அது போதுமா? 1969-ல் இங்கிலாந்தில் பில் பார்க்கர் என்பவரும் நண்பர்களும் அதற்கென்றே விதிகள் எழுதினார்கள். ஒரு பொம்மை இருபது வீரர்களுக்குச் சமம். மாண்டவர்களை அட்டவணை பார்த்து எண்ணவேண்டும். பல பதிப்புகள் வந்தன. பிறகு 1990-ல் அதே பார்க்கர், வேறு இருவருடன் சேர்ந்து, அந்தக் கணக்குகளை ஒதுக்கிவிட்டுச் சுருக்கமான புதிய விதிகளைத் தந்தார். பக்கத்துக்குப் பன்னிரண்டு அணிகள். முறைக்கு ஒரு பகடை. ஒன்று விழுந்தால் ஒரே ஒரு நகர்த்தல்தான்! தளபதியை விட்டு வெகுதூரம் போய்விட்ட அணியை அசைக்க அதிகமாகச் செலவாகும்.

பழைய விதிகளில் ஊறியவருக்கு இது அநியாயமாகத் தோன்றலாம். 'என் படை என் பேச்சைக் கேட்காதா?' என்று கோபம் வரும். எனக்கோ, அந்தப் பகடையில்தான் சரித்திரம் இருப்பதாகப் படுகிறது.

கி.மு. 217-ல் காஸாவுக்குத் தெற்கே ராபியாவில் ஸிரியாவின் மன்னன் அந்தியோகஸும் எகிப்தின் டாலமியும் மோதினார்கள். அந்தியோகஸிடம் 102 இந்திய யானைகள். டாலமியிடம் 73 ஆப்பிரிக்க யானைகள். டாலமியின் யானைகளில் பெரும்பாலானவை எதிரி யானைகளைக் கண்டு மிரண்டன. வலப்புறத்தில் அந்தியோகஸ் தானே குதிரைப்படையை நடத்தி, எதிரில் நின்றவர்களைச் சிதற அடித்தான். வெற்றி மயக்கத்தில் துரத்திக்கொண்டே போனான். இதற்குள் டாலமி நடுப்படையில் தன் வீரர்கள் முன் தோன்றினான். ஈட்டிகள் தாழ்ந்தன. அந்தியோகஸ் திரும்பிப் பார்த்தபோது, புழுதிப் படலம் தன் பாசறையை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது!

மேஜையருகே நிற்பவருக்குக் களம் முழுவதும் தெரிகிறது. அந்தியோகஸுக்குத் தெரிந்ததோ, தன் குதிரைக்கு முன்னால் ஓடிய முதுகுகள் மட்டுந்தான். அந்தக் குருட்டுத்தனத்தைப் பகடை ஓரளவு நமக்கும் கொடுத்துவிடுகிறது.

2001-லும் 2014-லும் அந்த விதிகள் மறுபடி திருத்தப்பட்டன. ஒவ்வொரு தடவையும் கற்றதை மறந்துவிட்டுப் புதிதாகக் கற்கவேண்டும். ராபியாவில் நடந்தது என்றோ நடந்து முடிந்துவிட்டது. அது எப்படி நடந்தது என்பதைப் பற்றிய நம் எண்ணந்தான் மாறிக்கொண்டிருக்கிறது. சரித்திரம் படிப்பவர்கள் அதற்காகச் சலித்துக்கொள்ளலாமா?