எவ்வளவு நெருங்கலாம்? புரதத் தொடுகைக் கணக்கின் சென்னை, திருச்சி வரலாறு

புரதக் கட்டமைப்பைப் பயிலும் மாணவர், திருப்பதியில் இருந்தாலும் திருச்சியில் இருந்தாலும், தொடக்கத்திலேயே கற்கும் கணக்குகளுள் ஒன்று தொடுகைக் கணக்கு. ஒரு புரதத்தில் எந்த அமினோ அமில எச்சம் எந்த எச்சத்துக்கு அருகில் நிற்கிறது என்பதைக் கணினி சில நொடிகளில் பட்டியலிட்டுத் தருகிறது. 'அருகில்' என்பதற்கு ஓர் எல்லை வேண்டும். பெரும்பாலும் 8 ஆங்ஸ்ட்ராம் என்று எழுதிவிட்டு மாணவர் அடுத்த வரிக்குச் செல்கிறார். (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது ஒரு சென்டிமீட்டரில் பத்துக் கோடியில் ஒரு பங்கு.) இத்தகைய எல்லைகளை யார், எந்தத் தேவைக்காக வகுத்தார்கள் என்ற கேள்வி வகுப்பறையில் அரிதாகவே எழுகிறது. அவ்வரலாற்றின் கணிசமான பகுதி சென்னைப் பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்தது. அது தொடங்கியது ஒரு மறுப்பிலிருந்து.

1950களின் முற்பகுதியில் இப்பகுதியின் உயர்கல்வி நிலப்படமே மாறிக்கொண்டிருந்தது. திருப்பதியை உள்ளடக்கிய சித்தூர் மாவட்டம் 1953 அக்டோபர் 1 அன்று சென்னை மாநிலத்திலிருந்து பிரிந்து புதிய ஆந்திர மாநிலத்தில் சேர்ந்தது. அடுத்த ஆண்டே திருப்பதியில் ஸ்ரீ வெங்கடேசுவரா பல்கலைக்கழகம் தோன்றியது. சென்னைப் பல்கலைக்கழகமோ 1952இல் தன் இயற்பியல் துறைக்கு, முப்பது வயதைத் தொட்டுக்கொண்டிருந்த ஜி. என். இராமச்சந்திரனைத் தலைவராக அமர்த்தியிருந்தது. பெங்களூரில் சி. வி. இராமனிடம் பயின்று, கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பியவர் அவர். சென்னைக்கு வந்த ஜே. டி. பெர்னால், கொலாஜன் என்னும் புரதத்தின் கட்டமைப்பு இன்னும் தெளிவாகவில்லை என்று அவரிடம் சுட்டிக்காட்டினார். தோல், எலும்பு, தசைநாண் ஆகியவற்றுக்கு உறுதி தரும் புரதம் அது. பல்கலைக்கழக வளாகத்துக்கு அருகிலிருந்த மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து கங்காருவின் வால் தசைநாண் கிடைத்தது. அதன் எக்ஸ் கதிர்ப் படங்களைக் கொண்டு இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954 ஆகஸ்டில் 'நேச்சர்' இதழில் தம் மாதிரியை வெளியிட்டனர். மூன்று இழைகள் இணைந்த அமைப்பு அது. 1955இல் அதைத் திருத்தி, மூன்று இழைகளும் ஒன்றையொன்று முறுக்கிச் செல்லும் முப்புரிச் சுருளாக மீண்டும் வெளியிட்டனர்.

அந்த மாதிரியின் வலிமை ஒரு தொடுகைச் செய்தியில் இருந்தது. கொலாஜனின் எச்சங்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒன்று கிளைசின் என்பது வேதிப் பகுப்பாய்வால் முன்பே தெரிந்திருந்தது, காரணம் தெரியவில்லை. மூன்று இழைகளும் நெருங்கும் நடு அச்சில் வேறு எந்த அமினோ அமிலத்தின் பக்கத்தொடருக்கும் இடமில்லை. பக்கத்தொடராக ஒரே ஒரு ஹைட்ரஜன் அணுவைக் கொண்ட கிளைசின் மட்டுமே அங்கு அடங்கும். ஆகவே ஒவ்வோர் இழையிலும் மூன்றாவது இடம்தோறும் கிளைசின் வந்தாக வேண்டும்.

மறுப்பும் தொடுகையின் பெயராலேயே வந்தது. அலெக்சாண்டர் ரிச்சும் பிரான்சிஸ் கிரிக்கும் 1955இல் தம்முடைய கொலாஜன் மாதிரியை முன்வைத்தனர். சென்னை மாதிரியில் சில அணுக்கள் ஏற்கத்தக்க அளவை மீறி ஒன்றையொன்று நெருங்கி நிற்கின்றன என்பது அவர்களின் குற்றச்சாட்டு. மூன்று எச்சங்களுக்கு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகள் என்று சென்னை மாதிரி கொண்டிருக்க, அவர்கள் ஒன்றே போதும் என்றனர். பிற்காலத்தில், 1994இல், கொலாஜன் போன்ற ஒரு பெப்டைடின் படிகக் கட்டமைப்பு வெளியானபோது, முப்புரி அமைப்பு உறுதிப்பட்டது. பிணைப்பின் எண்ணிக்கையில் ரிச், கிரிக் ஆகியோரின் கூற்றே நிலைத்தது. இராமச்சந்திரன் புகழைப் பேசும் கட்டுரைகள் பல இந்த இரண்டாவது செய்தியைக் கடந்துவிடுகின்றன. கடந்துவிட்டால் அடுத்து நடந்ததன் பொருள் விளங்காது.

ஏனெனில் அந்த மறுப்பு சென்னைக் குழுவை ஓர் அடிப்படை வினாவின் முன் நிறுத்தியது. பிணைப்பில்லாத இரண்டு அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம்? 'அளவு மீறியது' என்று சொல்வதற்கு முதலில் ஓர் அளவு வேண்டும். இராமச்சந்திரன், சி. இராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோர் அதுவரை அச்சில் வந்திருந்த அமினோ அமிலங்கள், சிறு பெப்டைடுகள் போன்றவற்றின் படிகக் கட்டமைப்புகளிலிருந்து அணுக்களுக்கிடையிலான தொலைவுகளைத் திரட்டினர். ஒவ்வோர் அணு இணைக்கும் இரண்டு எல்லைகளை வகுத்தனர்: இயல்பான எல்லை, இறுதி எல்லை. கார்பனும் கார்பனும் இயல்பாக 3.2 ஆங்ஸ்ட்ராம் வரையிலும், இறுதியாக 3.0 வரையிலும் நெருங்கலாம். ஆக்சிஜனும் ஆக்சிஜனும் 2.7, 2.6. ஹைட்ரஜனும் ஹைட்ரஜனும் 2.0, 1.9.

இந்த அட்டவணையின் விளைவே 1963இல் 'ஜர்னல் ஆஃப் மாலிக்யூலர் பயாலஜி' இதழில் ஐந்து பக்கங்களில் வெளிவந்த கட்டுரை. பெப்டைடு பிணைப்பு தட்டையானது என்று பாலிங்கும் கோரியும் முன்பே நிறுவியிருந்தனர். எனவே முதுகெலும்புத் தொடரில் ஒவ்வோர் எச்சத்துக்கும் சுழல்வதற்கு இரண்டு கோணங்களே எஞ்சுகின்றன: ஃபை, சை. அவ்விரு கோணங்களையும் சிறிது சிறிதாக மாற்றி, ஒவ்வொரு நிலையிலும் எந்த அணுக்களாவது எல்லை மீறி மோதுகின்றனவா என்று மேசைக் கணக்குப்பொறியின் துணையோடு பார்த்தனர். வரைபடத்தின் பெரும்பகுதி விலக்கப்பட்டது. சில திட்டுகளே எஞ்சின. பின்னர் கட்டமைப்பு கண்டறியப்பட்ட புரதங்களின் எச்சங்கள் மிகப் பெரும்பாலும் அத்திட்டுகளிலேயே விழுந்தன. இன்றும் ஒரு புதிய புரதக் கட்டமைப்பு சரியானதா என்று சோதிப்போர் முதலில் விரிப்பது அந்த வரைபடத்தைத்தான். மூவர் எழுதிய கட்டுரையின் வரைபடம் ஒருவர் பெயரால் வழங்குகிறது.

இம்முறை தமிழ் இலக்கணம் பயின்றோர்க்கு அயலானதன்று. தொல்காப்பிய நூன்மரபு கூறும் மெய்ம்மயக்கம் எந்த மெய்யை அடுத்து எந்த மெய் வரலாம் என்று வரையறுக்கிறது. ட் என்னும் மெய்யை அடுத்துப் பிற மெய்களுள் க, ச, ப வரலாம், த வராது. ஆனால் அனுமதிக்கப்பட்ட சேர்க்கைகள் எல்லாம் ஒரே அளவில் வழங்குவதில்லை. விதி விலக்குவதைச் சொல்லும். வழக்கின் மிகுதியை எண்ணித்தான் அறிய வேண்டும். 1963இன் அட்டவணையும் விலக்கையே சொன்னது. எந்த எச்சம் எந்த எச்சத்தின் அண்மையை விரும்புகிறது என்பதை அது சொல்லவில்லை.

அந்த எண்ணிக்கைப் பணியில் முன்னோடியான ஒரு முயற்சி திருச்சியில் நடந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதுகலை மையம் அப்போது அங்கு இயங்கியது. 1982இல் உருவான பாரதிதாசன் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய காலம் அது. அங்கு பி. மணவாளனும் பி. கே. பொன்னுசாமியும் கட்டமைப்பு தெரிந்த கோளப் புரதங்களை எடுத்துக்கொண்டனர். ஒவ்வோர் எச்சத்தையும் மையமாக வைத்து 8 ஆங்ஸ்ட்ராம் ஆரமுள்ள கோளம் வரைந்து, அதனுள் அடங்கும் அண்டை எச்சங்களின் நீர்விலக்கும் தன்மையைக் கூட்டினர். 1978இல் 'நேச்சர்' இதழ் அம்முடிவை வெளியிட்டது. ஓர் எச்சத்தின் இயல்பை அதன் வேதிப் பண்பால் மட்டும் அளவிடாமல், அது வாழும் சூழலால் அளவிட்டது அவர்களின் புதுமை. தொடுகை இங்கு மோதல் என்னும் பொருளை விட்டுச் சுற்றம் என்னும் பொருளைப் பெற்றது. எல்லையின் அளவும் அதனாலேயே மாறியது. மூன்று ஆங்ஸ்ட்ராம் இரண்டு அணுக்களுக்கான எல்லை. எட்டு ஆங்ஸ்ட்ராம் இரண்டு எச்சங்களுக்கானது.

மூன்றாவது திருப்பம் தொடர்வரிசையில் உள்ள தொலைவைப் பற்றியது. 153 எச்சங்கள் கொண்ட திமிங்கிலத்தின் மயோகுளோபினில் 64ஆம் எச்சமும் 93ஆம் எச்சமும் ஹிஸ்டிடின்கள். வரிசையில் அவை 29 இடம் விலகியுள்ளன. மடிந்த புரதத்திலோ ஒரே இரும்பு அணுவின் இருபுறமும் நிற்கின்றன. நீண்ட தமிழ்த் தொடரின் தொடக்கத்தில் நிற்கும் எழுவாய், இடையில் எத்தனை எச்சவினைகள் வந்தாலும், இறுதி முற்றுவினையோடு திணை, பால் இயைந்து நிற்பதை இது ஒக்கும். 1998இல் பிளாக்ஸ்கோ, சைமன்ஸ், டேவிட் பேக்கர் மூவரும், தொடுகைகள் சராசரியாக வரிசையில் எவ்வளவு விலகியுள்ளன என்னும் அளவுக்கும் புரதம் மடியும் வேகத்துக்கும் உறவு உண்டு என்று காட்டினர். 2001இல் மைக்கேல் குரோமிகாவும் எஸ். செல்வராஜும், வரிசையில் 12 இடங்களுக்கு மேல் விலகியும் 8 ஆங்ஸ்ட்ராமுக்குள் நெருங்கிய எச்ச இணைகளை மட்டும் எண்ணினர். அவ்வெண்ணிக்கை மிகுந்த புரதங்கள் மெதுவாக மடிகின்றன என்பது அவர்கள் கண்டது. குரோமிகா ஆய்வுப் பட்டம் பெற்றது பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில்; திருச்சியின் எட்டு ஆங்ஸ்ட்ராம் கோளம் இக்கணக்கிலும் தொடர்கிறது.

2018இல் ஆல்ஃபாஃபோல்டின் முதல் வடிவம் எச்ச இணைகளுக்கிடையிலான தொலைவுகளைக் கணித்தே கட்டமைப்புகளை ஊகித்தது. 2024ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு பேக்கருக்கும், ஆல்ஃபாஃபோல்டை உருவாக்கிய ஹசாபிஸ், ஜம்பர் இருவருக்கும் வழங்கப்பட்டது. இவ்வெற்றிக்குப் பின், பழைய எல்லைகளின் வரலாறு எதற்கு என்று மாணவர் கேட்கக்கூடும். எல்லையை மாற்றினால் தொடுகைகளின் எண்ணிக்கை மாறும். எண்ணிக்கை மாறினால் முடிவும் மாறலாம். 3.2, 8, 12 ஆகிய எண்கள் இயற்கையில் எழுதிவைக்கப்பட்டவை அல்ல. குறிப்பிட்ட கேள்விகளுக்கு விடை தேடியோர், தம் கையிலிருந்த தரவைக் கொண்டு எடுத்த முடிவுகள் அவை. சென்னைக் குழு மறுப்புக்குச் சொல்லால் மட்டும் பதில் தரவில்லை. எது நெருக்கம் என்பதற்கு யாரும் சரிபார்க்கத்தக்க ஓர் அட்டவணையைத் தந்தது. அந்த அட்டவணை, அதைத் தோற்றுவித்த கொலாஜன் மாதிரியின் குறைகளைத் தாண்டியும் நிலைத்திருக்கிறது. ஆய்வேட்டில் 8 என்று எழுதும் மாணவர், அது தம் கேள்விக்கும் பொருந்துமா என்று ஒருமுறை சோதித்து, அச்சோதனையையும் உடன் எழுதுவது முறை.