வாணி விழாவும் தரச் சான்றிதழும்

உயர்தரம் எடுத்த ஈழத்துத் தமிழ்ப் பிள்ளைகள் பலருக்குத் தொண்டைமானாறு என்றதும் நினைவு வருவது அங்குள்ள வெளிக்கள நிலையத்தின் பரீட்சை வினாத்தாள். மற்றவர்களுக்குச் செல்வச்சந்நிதி முருகன். அந்தக் கோயிலில் பூசகர் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு மௌனமாகப் பூசை செய்வார். பாட்டை அடியார்கள் பார்த்துக்கொள்வார்கள். தொண்டைமானாறு இருக்கும் வடமராட்சியின் பாடசாலைகளில் பிள்ளைகள் மேடையேறிக் கர்நாடக இசை பாடுகிற வழக்கத்துக்கும் இந்த இரண்டும்தான், அதாவது வழிபாட்டுப் பாட்டும் பரீட்சையும்தான், வேர் என்பது என் கணிப்பு. சென்னைச் சபாக்களைப் பார்த்து வந்த வழக்கம் அது என்று சொல்லிவிடுவது எளிது. வர்ணம், கீர்த்தனை என்று உருப்படிகளை மட்டும் பார்த்தால் அது சரியும்கூட. ஆனால் மேடையில் யார் உட்காரலாம் என்ற கேள்விக்குச் சபா பதில் தரவில்லை. அந்தப் பதிலைப் பாடசாலை தந்தது.

ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியவர். கோயில் திருவிழாக்களில் சின்னமேளம் ஆடுவதைக் கடுமையாகக் கண்டித்தவரும் அவரே. அவர் வழிவந்த சைவ வீடுகளில் இசை என்றாலே ஒரு தயக்கம் இருந்தது. மேளம் அதற்கென்றிருந்த சாதிக் குடும்பங்களின் தொழில். கூத்து இராக்கால விஷயம். பெண்பிள்ளைக்கு இரண்டும் ஆகாது. தேவாரத்தை மட்டும் எவரும் குறை சொல்ல முடியாது. காலைப் பிரார்த்தனையில் பாடத் தொடங்கிய பிள்ளை, நவராத்திரியில் கூட்டத்துக்கு முன்னால் பாடியது. வாணி விழாவில் இன்றும் அந்தத் தடம் தெரியும். கொலு வைத்த மண்டபத்தில் அவலும் கடலையும் படைத்து, பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து குமரகுருபரரின் சகலகலாவல்லி மாலையைப் பத்துப் பாட்டும் விடாமல் பாடுவார்கள். அது முடிந்த பிறகே தனிப்பாட்டு, வயலின், மிருதங்கம் எல்லாம். பூசைக்கும் கச்சேரிக்கும் நடுவே ஒரு திரைகூட இழுக்கப்படுவதில்லை. பூசையின் மதிப்பு கச்சேரிக்கும் வந்து சேர்ந்தது.

மிச்சத்தைப் பரீட்சை செய்தது. 1931இல் தோன்றிய வட இலங்கைச் சங்கீத சபை, அறிமுறை, செயன்முறை என்று பிரித்துத் தரந்தரமாகப் பரீட்சை நடத்திச் சான்றிதழ் கொடுத்தது. யாழ்ப்பாணத்துத் தாய்தகப்பனுக்குச் சான்றிதழின் மேல் இருக்கும் நம்பிக்கையை விளக்கத் தேவையில்லை. கணக்கு, ஆங்கிலம் போலச் சங்கீதத்திலும் ‘சித்தி’ உண்டென்றால் பிறகென்ன தயக்கம்? 1960இல் சு. நடேசபிள்ளை மருதனார்மடத்தில் இராமநாதன் இசைக் கல்லூரியைத் தொடங்கினார். மகாராஜபுரம் சந்தானம் போன்றவர்கள் கடல் கடந்து வந்து அதன் அதிபராக இருந்தார்கள். 1975இல் அது பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது. சங்கீதம் படித்தால் ஆசிரியர் வேலைக்குப் போகலாம் என்ற வழி திறந்தது. தொண்டைமானாறு வீரகத்திப்பிள்ளை மகா வித்தியாலயம் போன்ற ஊர்ப் பாடசாலைகளுக்குச் சங்கீத ஆசிரியர்கள் வந்தது இப்படித்தான்.

பரீட்சை இசையைக் கெடுத்தது என்பார்கள். இராக லட்சணத்தை மனப்பாடம் செய்துவிட்டு அந்த இராகத்தைப் பாடத் தெரியாத பிள்ளைகள் உண்டு; தமிழ்த்தினப் போட்டிக்கென்று ஒரே உருப்படியை மாதக்கணக்கில் தேய்த்து, போட்டி முடிந்ததும் மறந்துவிடுகிறவர்களும் உண்டு. மறுக்கவில்லை. ஆனால் இந்தக் குறையைச் சொல்கிறவர்கள் பரீட்சை வருமுன் ஊரில் எத்தனை வீட்டுப் பெண்பிள்ளைகள் சபை நடுவே பாடினார்கள் என்று கேட்பதில்லை. மேதைகளை உண்டாக்குவது பரீட்சையின் வேலையாக இருந்ததில்லை. பாடுகிறவர்களையும், பாட்டைக் கேட்டால் தாளம் தப்பினது தெரிகிற சபையையும் அது பெருக்கியது. பிறகு 1987 மே மாதம் வடமராட்சி மீது இராணுவ நடவடிக்கை, இடப்பெயர்வு, 1990க்குப் பிறகு குடாநாட்டில் மின்சாரமே இல்லாத ஆண்டுகள். சுருதிப்பெட்டிக்கு மின்சாரம் வேண்டாம், கையால் துருத்தியை அசைத்தால் போதும். சினிமாப் பாட்டு இசைக்குழுவுக்கு வேண்டிய ஒலிபெருக்கியும் மின்பிறப்பாக்கியும் கேட்காத கலை இது என்பதையும் இந்த வழக்கம் நிலைத்ததற்கான கணக்கில் சேர்க்க வேண்டும்.

பரீட்சை இசையைக் கெடுத்தது என்பதைவிடக் கனமான மறுப்பு ஒன்று இருக்கிறது. ஈழத்தின் பேர்போன கலைஞர் என்று முதலில் சொல்லப்படுகிற தவில் மேதை யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியைப் பாடசாலை உருவாக்கவில்லை. தகப்பனார் விஸ்வலிங்கம் தவில்காரர். கலை அந்த வழியில் வந்தது. இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை, ஏனென்றால் மறுப்பு பெரும்பாலும் உண்மை. வாய்ப்பாட்டு, வீணை, வயலின், மிருதங்கம் ஆகியவற்றைப் பாடசாலை எல்லோருக்கும் பொதுவாக்கியது. நாதஸ்வரத்தையும் தவிலையும் பெரும்பாலும் பழைய குடும்பங்களிடமே விட்டுவிட்டது. பரிசளிப்பு விழாவில் பிரதம விருந்தினரை வாசலிலிருந்து அழைத்துவர அந்த மேளம் வேண்டும். மண்டபத்துக்குள் வந்ததும் மேளம் நின்றுவிடும். மேடையில் பிள்ளைகள் வயலினுக்குச் சுருதி சேர்க்கத் தொடங்குவார்கள். சாதியின் தயக்கத்தைப் பாடசாலை பாட்டிலிருந்து கழற்றியது. மேளத்திலிருந்து கழற்ற அது முயலவே இல்லை.