போரானின் வரலாறு: பொற்கொல்லர் பட்டறையிலிருந்து மல்லாட்டைக் கொல்லை வரை

போரான் என்பது அணு எண் 5 கொண்ட தனிமம் ஆகும். உலோகத்துக்கும் அலோகத்துக்கும் இடைப்பட்ட பண்புகளைக் கொண்டிருப்பதால் இது உலோகப்போலி எனப்படுகிறது. படிகப் போரான் மிகக் கடினமானது. உருக ஏறத்தாழ 2,076 பாகை செல்சியசு வெப்பம் தேவை. இயற்கையில் இது தனித்துக் கிடைப்பதில்லை. ஆக்சிசனோடு கூடிய சேர்மங்களாகவே கிடைக்கிறது. அவற்றுள் தமிழர் நெடுங்காலமாக அறிந்தது வெண்காரம்.

வெண்காரம்

உருகிய வெண்காரம் உலோகத்தின் மேல் படிந்த ஆக்சைடைக் கரைத்துவிடும். அதனால் பொற்கொல்லர்கள் நகைகளைப் பற்றவைக்கும்போது இதைப் பயன்படுத்துகின்றனர். சித்த மருத்துவத்தில் இதைப் பொரித்து, நீரை நீக்கிச் சேர்ப்பர். தமிழகத்தில் வெண்காரப் படிவுகள் இல்லை. திபெத்தின் ஏரிக்கரைகளிலும் லடாக்கின் புகா பள்ளத்தாக்கிலும் கிடைத்த வெண்காரம், ஆடுகளின் முதுகில் இமயத்தைக் கடந்து இந்தியச் சந்தைகளுக்கு வந்தது. பின்னர் இத்தாலி, கலிபோர்னியா, துருக்கி ஆகிய இடங்களின் படிவுகள் உலகச் சந்தையைப் பிடித்தன. இன்று மிகப் பெரிய இருப்பு துருக்கியில் உள்ளது.

தனிமமும் பயிர்ச்சத்தும்

1808 இல் பிரான்சில் கே-லுசாக், தெனார் இருவரும், இங்கிலாந்தில் ஹம்ப்ரி டேவியும் போரிக் அமிலத்திலிருந்து போரானைப் பிரித்தனர். பயிர்கள் வளர இது இன்றியமையாதது என்பது ஒரு நூற்றாண்டுக்குப் பிறகே உறுதியானது. 1923 இல் இங்கிலாந்தின் ரோதாம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் கேத்தரின் வாரிங்டன், அவரைக் குடும்பப் பயிர் ஒன்றில் அதை நிறுவினார். நிலக்கடலையும் அதே குடும்பத்தைச் சேர்ந்தது.

திருவண்ணாமலையில்

நிலக்கடலை மிகுதியாக விளையும் தமிழக மாவட்டங்களுள் திருவண்ணாமலை ஒன்று. இங்கு அதை மல்லாட்டை என்பர். பெரும்பாலும் மானாவாரியாகச் செம்மண் கொல்லைகளில் விளைகிறது. மண்ணில் போரான் நீரில் கரையும் போரிக் அமிலமாக இருப்பதால், மணற்பாங்கான நிலத்தில் மழைநீரோடு எளிதில் அடியில் இறங்கிவிடும்.

இந்தக் குறை வெளியே தெரியாது. காய் திரண்டிருக்கும், உரித்துப் பருப்பைப் பிளந்தால் உட்புறம் குழிந்து பழுப்பேறியிருக்கும். பருப்பே பிடிக்காத பொக்கு இதனின்று வேறானது. அது பெரும்பாலும் சுண்ணாம்புச் சத்துக் குறைவால் வருவது. அதற்கு ஜிப்சம் உதவும். குழிந்த பருப்புக்கு ஜிப்சம் மட்டும் போதாது. எனவே போரான் குறைவான நிலத்தில், விதைத்த 45 ஆம் நாளில் எக்டேருக்கு 200 கிலோ ஜிப்சத்துடன் 10 கிலோ வெண்காரம் இடுவது வேளாண் பரிந்துரை. அந்த 10 கிலோவில் உள்ள போரான் ஏறத்தாழ 1 கிலோதான்.

அளவு மிஞ்சினால் இதே போரான் நஞ்சாகி, இலையோரங்களைக் கருக்கிவிடும். ஆகவே மண் பரிசோதனை செய்து குறையை உறுதிப்படுத்திய பிறகே இடவேண்டும். பட்டறையில் ஒரு சிட்டிகையாகப் பயன்படும் வெண்காரம், ஏக்கருக்கு 4 கிலோ என்ற கணக்கில் கொல்லைக்கும் வந்து சேர்ந்தது இவ்வாறே.