போப்பரசர் நாட்டில் கோமகன் பட்டம்

மணத்துறவு பூண்டவரே அரசராக வீற்றிருந்த நாட்டில் இளவரசர்கள் எங்கிருந்து வந்தனர்? நடு இத்தாலியில் ஆட்சி செலுத்தி, 1870இல் உரோமையும் இழந்த போப்பரசர்களின் வரலாற்றைப் பயில்வோர்க்கு இவ்வினா எழுதல் இயல்பே. ஆங்குப் 'பிரின்சிபே' என்னும் பட்டம் அரசனின் மகனைக் குறித்ததன்று. பெரிதும் நிலத்தைப் பற்றி நின்றது. கோட்டையும் ஊரும் கைமாறின், போப்பரசரின் இசைவோடு பட்டமும் கைமாறும்.

பாலஸ்த்ரீனா என்னும் மலையூர் இதற்குத் தக்க சான்று. அது கொலோன்னா குடியினரின் பழம்பதி. அவர்களோடு பகைகொண்ட எட்டாம் போனிபாஸ் 1299இல் அவ்வூரைத் தரைமட்டமாக்கினார். குடி அழியவில்லை, ஊரும் மீண்டெழுந்தது. படையால் இயலாததைப் பின்னர்க் கடன் செய்து முடித்தது. ஆடம்பரத்தால் நொடித்த பிரபுக்களின் நிலங்களை விற்றுக் கடன் தீர்க்க எட்டாம் கிளமெண்ட் 1596இல் வழிவகுத்தார். பழங்குடியினர் விற்றனர், போப்பரசர்களின் உறவினர் வாங்கினர். 1630இல் 7,75,000 ஸ்கூதிக்குப் பாலஸ்த்ரீனா எட்டாம் உர்பனின் பார்பெரினி குடும்பத்தைச் சேர்ந்தது. அவருடைய தமையன் மகன் தத்தேயோ அதன் கோமகனானார்.

உர்பன் இலத்தீனில் கவிதை யாத்தவர், கலைஞர்களைப் புரந்தவர். கவிஞர்கள் அவரைச் சற்றுப் பரிவோடு நோக்கக்கூடும். காஸ்த்ரோ போருக்காக வரிச்சுமை தாங்கிய குடிமக்கள் அவ்வாறு நோக்கவில்லை. 1644இல் அவர் மறைந்தபோது நகரில் வெளிப்பட்டது துயரமன்று. அடுத்துவந்த பத்தாம் இன்னசெண்ட் கணக்குக் கேட்கவே, தத்தேயோ 1646இல் பிரான்சுக்கு ஓடினார். மறுஆண்டு பாரிசில் இறந்தார். எனினும் பட்டம் அழிந்ததா? இல்லை. 1653இல் அவர் மகன் மஃபேயோ, அதே இன்னசெண்டின் உறவுப்பெண்ணை மணந்து பாலஸ்த்ரீனாவின் கோமகனானார்! வழக்குமன்றம் பறிக்கவிருந்ததை மணப்பந்தல் மீட்டுத் தந்தது.

உறவினர்க்கு நிலமும் வருவாயும் வாரி வழங்கும் வழக்கத்தைப் பன்னிரண்டாம் இன்னசெண்ட் 1692இல் தடைசெய்தார். அதன்பின் ஏற்றம் பெற்றோருள் வங்கியரும் உண்டு. துணி வணிகர் ஒருவரின் வழிவந்த ஜொவான்னி தொர்லோனியா 1814இல் ஏழாம் பயஸிடம் கோமகன் பட்டம் பெற்றார்.

போப்பரசர் வழங்கிய பட்டங்களை இத்தாலி ஏற்கும் என 1929ஆம் ஆண்டு லாத்தரன் உடன்படிக்கை கூறிற்று. 1948இல் நடைமுறைக்கு வந்த குடியரசின் அரசியலமைப்போ எப்பட்டத்தையும் ஏற்கவில்லை. ஆயினும் வத்திக்கானில் போப்பின் அரியணையருகே நிற்கும் உரிமை கொலோன்னா, ஒர்சீனி என்னும் இரு பழங்குடிகளுக்கும் தொடர்ந்தது. 1958இல் ஒர்சீனி அவ்விடத்தை இழந்தார். அங்கு வந்து நின்றவர் ஒரு தொர்லோனியா.