கேப்டன்கள் எழுதிய கடல்

1842-இல் வாஷிங்டனில் அமெரிக்கக் கடற்படையின் வரைபடக் கிடங்குக்குப் பொறுப்பேற்ற மேத்யூ ஃபான்டேன் மோரிக்கு மீண்டும் கடலுக்குப் போகும் வாய்ப்பு அநேகமாக இல்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன் குதிரைவண்டி விபத்தில் கால் முறிந்திருந்தது. அந்தக் கிடங்கில் கட்டுக்கட்டாகப் பழைய கப்பல் நாட்குறிப்புகள் தூசி படிந்து கிடந்தன. எந்த நாளில் கப்பல் எங்கே இருந்தது, காற்று எங்கிருந்து அடித்தது, நீரோட்டம் எப்படி இழுத்தது என்று கேப்டன்கள் எழுதி ஒப்படைத்துவிட்டுப் போனவை.

ஒரு கேப்டன் ஓரிடத்தில் கண்டது அன்றைய காற்று. நூறு கேப்டன்கள் அதே இடத்தில் அதே மாதத்தில் கண்டதைச் சேர்த்தால் அந்தக் கடலின் குணமே தெரிந்துவிடும். இதைப் பிடித்துக்கொண்டு மோரி 1847-இல் வட அட்லாண்டிக்கின் காற்று, நீரோட்ட வரைபடத்தை வெளியிட்டார்.

அமெரிக்காவிலிருந்து ரியோ டி ஜெனிரோ போகும் பாய்க்கப்பல்களுக்கு அப்போது ஒரு பயம் இருந்தது. பிரேசிலின் சான் ரோக் முனையருகே நீரோட்டம் கப்பலை மேற்கே தள்ளிவிடும் என்று, வெகுதூரம் கிழக்கே சுற்றிப் போவார்கள். அந்தப் பயம் தேவையில்லை என்றன மோரி சேர்த்த குறிப்புகள். 1848-இல் பால்டிமோரிலிருந்து கிளம்பிய ஒரு சரக்குக் கப்பல் அவர் சொன்ன வழியில் போய் 38 நாளில் ரியோவைத் தொட்டது. வழக்கமாக 55 நாள் ஆகும். பதினேழு நாள் மிச்சம் என்றால் அத்தனை நாள் சம்பளம், சாப்பாடு, குடிநீர் மிச்சம்.

அதன்பின் வரைபடம் கேட்டு வந்தவர்களிடம் மோரி காசு வாங்கவில்லை. அவர் அச்சிட்டுக் கொடுத்த படிவத்தில் பயணக் குறிப்புகளை எழுதி அனுப்பினால் வரைபடம் இலவசம். இந்த ஏற்பாடுதான் அவருடைய ஆகப் பெரிய சாதனை. போட்டி வணிகர்களின் கப்பல்கள் தம்மையறியாமல் ஒருவருக்கொருவர் வழிகாட்டின. நடுவில் நின்று கூட்டிக் கழிக்க ஓர் அரசு அலுவலகம் போதுமானதாக இருந்தது. இதே முறையில் திமிங்கில வரைபடமும் வந்தது. வேட்டைக்காரர்களுக்கு அது லாபம், திமிங்கிலங்களுக்கு நாசம்.

1853-இல் பிரஸ்ஸல்ஸில் பத்து நாடுகள் கூடி, ஒரே மாதிரிப் படிவத்தில் கடலைப் பதிவுசெய்ய ஒப்புக்கொண்டன. போரில் கப்பல் பிடிபட்டாலும் இந்தக் குறிப்பேட்டைச் சேதப்படுத்தக் கூடாது என்றுகூட அங்கே பேசினார்கள்.

அதன் தொடர்ச்சியாக 1854-இல் பிரிட்டன் தொடங்கிய வானிலைத் துறைக்கு ராபர்ட் ஃபிட்ஸ்ராய் தலைவரானார். 1859-இல் ‘ராயல் சார்ட்டர்’ கப்பல் புயலில் உடைந்து நானூறுக்கும் மேற்பட்டோர் மாண்டது அவரை உலுக்கியது. 1861 முதல் துறைமுகங்களில் புயல் எச்சரிக்கைக் கூம்புகளை ஏற்றவைத்தார். அவர் இறந்தபின், 1866-இல், அறிவியல் ஆதாரம் போதாது என்று அதை நிறுத்தினார்கள். கரையோர மக்கள் விடவில்லை. அடுத்த ஆண்டே கூம்புகள் மறுபடி ஏறின.

1861-இல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டதும் மோரி பதவியை விட்டுத் தென்மாநிலங்களின் பக்கம் போய்விட்டார். அவர் திரட்டியவை வாஷிங்டனிலேயே இருந்தன. 1990-களில் அந்தக் கையெழுத்துப் பதிவுகளைச் சீனாவில் கணினியில் ஏற்றினார்கள். கடல் எவ்வளவு சூடேறியிருக்கிறது என்று கணக்கிடுபவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பாய்க்கப்பல்கள் விட்டுச்சென்ற இந்தக் குறிப்புகளையும் இன்று எடுத்துப் பார்க்கிறார்கள்.